காகிதக் கோட்டையில் பிறந்த பேய்

பேய்க்கதை என்றதும் நினைவுக்கு வருகிற சாமான்களைப் பட்டியல் போடுங்கள். பாழடைந்த மாளிகை, அதன் அடியில் ஒரு சுரங்கப்பாதை, சமயம் பார்த்து அணைகிற விளக்கு, சட்டத்தை விட்டு இறங்கி வருகிற முன்னோரின் ஓவியம், தாத்தா செய்த பாவத்துக்கு அழிகிற பேரன். இத்தனையும் ஒரே நாவலுக்குள் கூடி, 1764 டிசம்பர் 24 அன்று லண்டனில் விற்பனைக்கு வந்தன. ‘ஓட்ரான்டோ கோட்டை’ என்று பெயர். ஐநூறு பிரதிகள் அச்சாயின. எழுதியவர் ஹொரேஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படுகிற ராபர்ட் வால்போலின் மகன்; நாடாளுமன்ற உறுப்பினர்; கல்யாணம் செய்துகொள்ளாதவர்; பழம்பொருள் பைத்தியம்; ஊர்வம்பைக் கடிதமாக எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கதைக்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட வேண்டும். லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், அலங்காரச் சாமான் கடைக்காரி ஒருத்தியிடமிருந்து 1747இல் அவர் குத்தகைக்கு எடுத்துப் பின்பு விலைக்கே வாங்கிய சின்ன வீடு, ஸ்ட்ராபெரி ஹில். அன்றைய சீமான்கள் ரோமாபுரியைப் பார்த்துத் தூண் நிறுத்தி, இடமும் வலமும் அச்சு மாறாமல் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். வால்போலுக்கு இடைக்காலத் தேவாலயங்கள் மீதுதான் மோகம். ரசனைக் கமிட்டி என்று பெயர் வைத்து இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். பழைய தேவாலயங்களின் படப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, இது வேண்டும், அது வேண்டும் என்று பொறுக்கினார்கள். கான்டர்பரியில் ஒரு பேராயருக்குக் கட்டிய கல்லறை, இங்கே குளிர்காயும் கணப்பின் முகப்பானது. தீயில் அழிந்த பழைய செயின்ட் பால் பேராலயத்தின் ஒரு வாசல், புத்தக அலமாரியின் வடிவமானது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழாம் ஹென்றி எழுப்பிய மண்டபத்தின் விசிறிக் கூரை இங்கே நீண்ட கூடத்தின் விதானத்துக்கு ஏறியது. அங்கே அது கல். இங்கே காகிதக்கூழ், மேலே தங்கப் பூச்சு. மாடிப்படிச் சுவரில் தெரிந்த கல் வேலைப்பாடுகூட காகிதத்தில் தீட்டி ஒட்டியதுதான். படியை ஒட்டிய மாடங்களில் பழைய இரும்புக் கவசங்கள், வாள்கள், இந்தியாவிலிருந்து போன காண்டாமிருகத் தோல் கேடயங்கள். பின்னாளில் கூட்டம் தாங்காமல் டிக்கெட் அச்சடித்தார்: நாளுக்கு நான்கு பேர், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

அந்தப் படிக்கட்டில்தான் வினை. 1764 ஜூன் தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் அவர் கனவிலிருந்து விழித்தார். ஏதோ பழங்கோட்டை, பெரிய மாடிப்படி, அதன் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் மாட்டிய ஒரு ராட்சதக் கை. இதற்கு மேல் கனவில் ஒன்றும் நினைவில்லை என்று நண்பர் வில்லியம் கோலுக்கு அடுத்த மார்ச்சில் எழுதினார். அன்று சாயங்காலமே, என்ன எழுதப் போகிறோம் என்று தெரியாமலே எழுத உட்கார்ந்தார். ஒரு நாள் மாலை தேநீர் வேளையில் பிடித்த பேனாவை நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு, விரல் ஓய்ந்த பிறகுதான் கீழே வைத்தார். இரண்டு மாதம் நிறைவதற்குள் நாவல் முடிந்தது.

அரசியலைத் தவிர எதை நினைத்தாலும் தேவலை என்றிருந்தது என்று அதே கடிதத்தில் சொல்கிறார். அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அம்மாவின் சகோதரி மகன் ஹென்றி கான்வே ராணுவத் தளபதி, நாடாளுமன்றத்திலும் இருந்தவர். அரசாங்கத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார் என்று அந்த வசந்த காலத்தில் அவருடைய படைப்பிரிவைப் பறித்துவிட்டார்கள். வால்போல் கொதித்துப் போயிருந்தார். அதிகாரத்தை அபகரித்தவன் ஒருவன் அதைக் காப்பாற்ற எந்த எல்லைக்கும் போகிற கதையை, அப்படிப்பட்ட கோடையில் எழுதியிருக்கிறார். அரசியலிலிருந்து முழுக்கத் தப்பித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நாவல் எடுத்த எடுப்பிலேயே கல்யாண வீட்டில் தொடங்குகிறது. மாப்பிள்ளை கான்ராட், பதினைந்து வயது, நோஞ்சான். எங்கிருந்தோ வந்து விழுந்த ஒரு மாபெரும் தலைக்கவசத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறான். அப்பன் மேன்ஃப்ரெட் அழவில்லை. வம்சம் அறுந்துவிடுமே என்ற கவலையில், மனைவியைத் தள்ளிவைத்துவிட்டு மருமகளாக வரவிருந்த இசபெல்லாவைத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அவள் சுரங்கப்பாதையில் ஓடுகிறாள். காற்றில் விளக்கு அணைகிறது. சிலையின் மூக்கில் ரத்தம் சொட்டுகிறது. நூறு பேர் சேர்ந்து ஒரு வாளைத் தூக்கி வருகிறார்கள். மாயாஜாலப் படமெடுத்த நம் விட்டலாச்சார்யா பார்த்திருந்தால் உரிமை வாங்கியிருப்பார். ஆனால் விளக்கு அணைந்த பிறகு அந்த இருட்டில் இசபெல்லா நிற்கிற பக்கம் இருக்கிறதே, அது சிரிப்பு வரவழைக்கிற பக்கம் இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்த கவிஞர் தாமஸ் கிரே, இதைப் படித்தபின் இராத்திரி படுக்கப் போகவே எல்லோருக்கும் பயம் என்று எழுதி அனுப்பினார்.

அட்டையில் வால்போல் பெயர் இல்லை. ஓட்ரான்டோ நகரத்துப் பாதிரி ஒருவர் இத்தாலிய மொழியில் எழுதியது, வில்லியம் மார்ஷல் மொழிபெயர்த்தது என்றிருந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த பிரதி, 1529இல் நேப்பிள்ஸில் அச்சானது என்று முன்னுரை அடித்துச் சொன்னது. அத்தனையும் புளுகு. வீட்டுக் கூரை எப்படியோ புத்தகமும் அப்படியே. விமர்சகர்கள் பழங்கால நூல் என்று நினைத்துப் பெரிய மனசு பண்ணினார்கள். 1765 ஏப்ரலில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பும் சேர்த்தார். ஒரு பெரிய இலக்கிய வகைக்குப் பெயர் கிடைத்தது அந்தத் துணைத்தலைப்பிலிருந்துதான். ஆனால் முன்பு பாராட்டிய ‘மன்த்லி ரிவ்யூ’ இதழ் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அறியாமை மிகுந்த காலத்தவன் எழுதினால் பொறுக்கலாம், அறிவொளிக் காலத்து மனிதன் இப்படி எழுதலாமா என்பது அதன் கேள்வி.

அந்த இரண்டாம் முன்னுரையில் வால்போல் சொன்ன யோசனை, நாவலைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்பேன். பழைய கதைகளில் அற்புதம் உண்டு, மனிதர்கள் பொம்மைகள். புதிய நாவல்களில் மனிதர்கள் உண்டு, கற்பனைக்குப் பஞ்சம். நடப்பது நடக்க முடியாததாக இருக்கட்டும். அதில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் நம்மைப் போலவே பேசட்டும், நடுங்கட்டும் என்றார். அவர் கையில் இது பாதிதான் பலித்தது. அவர் வழியில் எழுத வந்த க்ளாரா ரீவ், ராட்சத வாளும் தலைக்கவசமும் சிரிப்பைக் கிளப்புகின்றன என்று சொல்லி, அடக்கமான ஒரு பேயோடு தன் நாவலை 1777இல் கொண்டுவந்தார். கொலை வழக்கு விசாரணையே இதைவிடச் சுவையாக இருக்கும் என்று வால்போல் பதிலுக்குக் கிண்டலடித்தார். பிறகு ஆன் ராட்க்ளிஃப், கடைசியில் ஒவ்வொரு அமானுஷ்யத்துக்கும் ஒரு விளக்கம் கொடுத்துவிடுவார். மாத்யூ லூயிஸ் எதையும் விளக்கவில்லை. 1796இல் ‘மாங்க்’ நாவலில் பிசாசையே கூப்பிட்டுவிட்டார். அதன் இரண்டாம் பதிப்பில் தன் பெயரோடு எம்.பி. என்றும் போட்டுக்கொண்டார், வினையைத் தேடிக்கொண்டார். சட்டம் இயற்றுகிறவர் எழுதுகிற எழுத்தா இது என்று திட்டியவர்களில் ஒருவர் கவிஞர் கோலரிட்ஜ்.

அதே கோலரிட்ஜும் வர்ட்ஸ்வர்த்தும் சேர்ந்து 1798இல் ‘லிரிகல் பாலட்ஸ்’ வெளியிட்டார்கள். ஆங்கிலக் கவிதையில் ரொமாண்டிசிசத்தின் தொடக்கம் என்று பாடப்புத்தகங்கள் குறிப்பது இதைத்தான். அன்றாட வாழ்வு வர்ட்ஸ்வர்த்தின் பங்கு, அமானுஷ்யம் தன் பங்கு என்று பிரித்துக்கொண்டதாகவும், இல்லாத பேய்க்கு முன் நிற்கும் மனித உணர்ச்சி உண்மையாக இருக்க வேண்டும் என்பதே தன் வேலை என்றும் கோலரிட்ஜ் பின்னாளில் விளக்கினார். வால்போல் முன்னுரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இரண்டு கவிஞர்களின் பெயரும் இல்லை. பிணங்கள் எழுந்து கயிறு இழுக்கும் கப்பலைப் பற்றிய கோலரிட்ஜின் நெடும்பாட்டு, வேண்டுமென்றே பழங்கால எழுத்துக்கூட்டலில் அச்சாகியிருந்தது. படித்தவர்கள் முணுமுணுக்கவும் 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பழைய கோலத்தைப் பெரும்பாலும் கலைத்தார். 1817இல் மறுபடி அச்சிட்டபோது, அந்தக் காலத்துப் பண்டிதர் எவரோ எழுதி வைத்தது போன்ற ஓரக்குறிப்புகளைப் பாட்டு நெடுகத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.