சாலையைக் கடக்கும் தவளைகள்

மழை பெய்து ஓய்ந்த இரவில், வண்டியின் விளக்கொளியில் தவளைகள் சாலையைத் தத்திக் கடப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். மறுநாட் காலையில் அவற்றுட் பல நசுங்கிக் கிடப்பதையும் கண்டிருக்கிறோம். ஆயினும் அவை அங்கு ஏன் வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

தவளைகளும் தேரைகளும் நிலத்தில் உலவினும், அவற்றுட் பெரும்பாலானவை முட்டையிட நீர்நிலையை நாடியே தீரவேண்டும். தாம் பிறந்த குளத்தையே தேடிச் செல்லும் இனங்களும் உண்டு. ஈரம் மிக்க சில இரவுகளே அவற்றின் பயணக் காலம். காட்டுக்கும் குளத்துக்கும் இடையே சாலை அமைந்துவிடின், கூட்டம் முழுவதும் அச்சில இரவுகளில் அதனைக் கடந்தாக வேண்டும். ஒளி பட்டதும் அசையாது நின்றுவிடுவனவும் உள. சினையுற்ற தேரை ஒன்று மாண்டால் ஆயிரக்கணக்கான முட்டைகளும் உடன் அழிகின்றன. ஆண்டுதோறும் இது நிகழின், குளம் இருக்கும், குரல் இராது.

இக்கேட்டுக்குப் பரிகாரம் தேடியதில் ஐரோப்பியர் முற்பட்டனர். ஊர்மக்கள் தேரைகளை வாளிகளில் எடுத்துச் சாலைக்கு அப்பால் விட்டனர். 1969-இல் சுவிட்சர்லாந்தில் அவற்றுக்கென்றே சாலைக்கடியில் சுரங்கவழி அமைக்கப்பட்டது. 1987-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் நகரின் ஹென்றி தெருவிலும் இரண்டு சுரங்கவழிகள் தோன்றின. அங்கே கடப்பது புள்ளிச் சாலமாண்டர். பல்லியின் உருவும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட உயிர். இருபுறமும் தாழ்ந்த வேலியிட்டு அவற்றை வாயிலுக்குத் திருப்பினர். ஈரமும் ஒளியும் புகும்படி மேற்புறத்தில் துளைகள் விட்டனர். வாயிலை அடைந்தவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு மறுபுறம் சேர்ந்ததாக ஆய்வாளர் கண்டனர். வழி அமைத்தால் மட்டும் போதாது. அவ்வுயிரின் இயல்புக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அதே 1987-இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளைகள் குறைந்தால் பயிரை அழிக்கும் பூச்சிகள் பெருகும் என்ற அச்சமே அதற்கு ஒரு காரணம். வாணிகத்தினின்று காத்த உயிரைச் சக்கரத்துக்கு இரையாக விடுவது முறையாகுமா?

நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கருநாடகத்தில் வாழும் தமிழர் மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் வழி பந்திப்பூர்க் காட்டினூடே போகிறது. 2009-இல் அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் செல்வது தடை செய்யப்பட்டது. யானை, மான் முதலிய விலங்குகளைக் கருதி எழுந்த ஏற்பாடு அது. எனினும் இரவில் நடமாடும் தவளைக்கும் அந்நேரமே உற்ற நேரம் அன்றோ?

சாலைகள் நமக்கு வேண்டும். அவற்றால் அன்றோ நாம் ஊரும் உறவும் காண்கிறோம். புதிய சாலை இடும்போது குளத்தருகே சிறுபாலமும் அதனை நோக்கித் திருப்பும் தாழ்சுவரும் சேர்த்து அமைப்பது பெருஞ்செயல் அன்று. முதல் மழை இரவுகளில் நீர்நிலை ஓரமாக வண்டியை மெல்லச் செலுத்துவதோ நம் ஒவ்வொருவராலும் இயலும். நம்மைப் போலவே அவையும் பிறந்த இடம் நோக்கிப் புறப்பட்டவை.