சாந்தினி சௌக்கின் சந்துகள்

டில்லி மாநகரைக் காண வருவோர் செங்கோட்டையைக் காண்கின்றனர். ஜும்மா மசூதியின் படிகளில் ஏறுகின்றனர். சாந்தினி சௌக்கில் சற்று உலவிவிட்டுத் திரும்புகின்றனர். கோட்டையும் மசூதியும் மன்னர் கட்டியவை. பெருவீதியின் இருமருங்கும் கிளைத்துச் செல்லும் சந்துகளோ மக்கள் வாழ்ந்து உருவாக்கியவை. அவற்றின் வரலாற்றை அறியாதவர் பழைய டில்லியில் பாதியையே கண்டவராவர்.

ஷாஜஹான் சக்கரவர்த்தி தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்றக் கருதி, 1639-இல் யமுனைக் கரையில் புதிய கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1648-இல் அரசர் அதனுள் குடிபுகுந்தார். கோட்டையின் மேற்கு வாயிலுக்கு எதிரே நேராக நீளும் வீதியை வகுத்த பெருமை அவருடைய மகள் ஜஹானாரா பேகத்தைச் சாரும். வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. இடையே ஒரு சதுக்கமும் குளமும் இருந்தன. அக்குளத்து நீரில் நிலவொளி விளங்கியதால் சதுக்கம் 'சாந்தினி சௌக்' எனப்பட்டது என்பர். பிற்காலத்தில் அப்பெயர் வீதி முழுமைக்கும் ஆயிற்று.

பெருவீதிக்குப் பின்னால் நகரம் வேறொரு முறையில் வளர்ந்தது. ஒரே தொழிலினரும் ஒரே குலத்தினரும் அருகருகே வீடு கட்டிக்கொண்டனர். வணிகர் கூடி வாழ்ந்த, வாயிற்கதவுடைய வளாகம் 'கட்ரா' எனப்பட்டது. குடியிருப்புச் சந்து 'கூச்சா' எனப்பட்டது. நீலச் சாயத்தின் பெயரால் கட்ரா நீல் விளங்கியது. சரிகை வேலையின் பெயரால் கினாரி பஜார் விளங்கியது. உவர்நீர்க் கிணற்றின் பெயரைக் காரி பாவ்லி பெற்றது. பல்லிமாரான் என்பது படகோட்டிகளைக் குறித்த பெயர் என்பர். சமயங்களும் இவ்வாறே நெருங்கி நின்றன. கோட்டைக்கு எதிரே சமணர்களின் லால் மந்திர், அதனை அடுத்துக் கௌரிசங்கர் ஆலயம், 1675-இல் குரு தேக் பகதூர் உயிர்த்தியாகம் செய்த இடத்தில் சீஸ்கஞ்ச் குருத்வாரா, வீதியின் மேற்கு முனையில் ஃபத்தேபுரி மசூதி ஆகிய அனைத்தையும் ஒருவர் அரைமணி நேர நடையில் கண்டுவிடலாம்.

இத்தகைய அண்டை வாழ்வுக்குப் பெருஞ்சோதனை 1857-இல் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை மீண்டும் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேற்றப்பட்டனர். உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் அப்போது பல்லிமாரான் பகுதியில் வாழ்ந்தார். சந்தின் வாயிலை அடைத்துக்கொண்டு மக்கள் உள்ளே தங்கினர். அங்கே வாழ்ந்த ஹக்கீம்கள் பட்டியாலா மன்னருக்கு மருத்துவம் புரிந்த குடும்பத்தினர். ஆங்கிலேயர் பக்கம் நின்ற அம்மன்னரின் வீரர்கள் வாயிலில் காவலிருந்தமையால் அச்சந்து கொள்ளைக்குத் தப்பியது. ஹக்கீம்களின் அண்டை வீட்டார் என்ற காரணத்தாலேயே கவிஞரும் பிழைத்தார். மற்ற இடங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையிலிருந்த குடியிருப்புகள் இடித்துத் தள்ளப்பட்டன. மசூதியே 1862 வரையில் தொழுகைக்குத் திறக்கப்படவில்லை.

அந்த ஹக்கீம் குடும்பத்தில் 1868-இல் பிறந்தவர்தாம் ஹக்கீம் அஜ்மல்கான். 1921-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய பெருமகன். கரோல்பாக்கில் வாழ்ந்த தமிழர் அனைவரும் அஜ்மல்கான் சாலையை அறிவர். காய்கறி வாங்க நாம் நடந்த அச்சாலையின் பெயர், பல்லிமாரான் சந்திலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இரண்டாம் பெருஞ்சோதனை 1947-இல் வந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல பாகிஸ்தானுக்குச் சென்றன. மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடிழந்து வந்தவர்கள் இங்கே கடை விரித்தனர். வந்தவர்களுக்கு இச்சந்துகளின் பழங்கதை தெரியாது. ஆயினும் பழைய பெயர்களை அவர்கள் மாற்றவில்லை. அவற்றையே தங்கள் முகவரியாக ஏற்றனர். கட்ரா நீலில் இன்று துணி விற்கின்றனர். பல்லிமாரானில் காலணியும் மூக்குக் கண்ணாடியும் விற்கின்றனர். காரி பாவ்லியில் கிணற்றைக் காணோம். தென்னாட்டு மலைகளின் மிளகும் ஏலமும் அங்கே மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. தொழில் மாறிற்று, மக்கள் மாறினர். பெயர் மட்டும் நிலைத்தது.

இன்று நிகழும் மாற்றம் இவற்றினும் அமைதியானது. படையெடுப்பும் இல்லை, கலவரமும் இல்லை. குடும்பங்கள் வசதி நாடிப் புறநகர்களுக்குச் செல்கின்றன. முற்றம் வைத்துக் கட்டிய ஹவேலிகள் சரக்குக் கிடங்குகளாகின்றன. காலிப் வாழ்ந்த மாளிகையும் நெடுங்காலம் வாணிபத்துக்குப் பயன்பட்டு, பிறகே அதன் ஒரு பகுதி நினைவில்லமாயிற்று. 2021-இல் சாந்தினி சௌக் பெருவீதி செப்பனிடப்பட்டு, பகலில் மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டன; நடப்போருக்கு இது நன்மையே. ஆனால் வீதியைச் செப்பனிடுதல் போல் எளிதன்று, சந்துகளில் விளக்கேற்ற ஆள் இருக்கச் செய்தல். இரவில் கடைகளை அடைத்தபின் ஒருவரும் தங்காத சந்துக்குப் பெயர் இருக்கலாம். அதனைச் சொல்லி அழைக்க அண்டை வீட்டார் இரார்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. புதிதாக வந்தவர்களே மீண்டும் மீண்டும் இந்நகரைக் காத்தனர். நேயர்கள் அடுத்த முறை அங்கே செல்லும்போது, பெருவீதியோடு திரும்பிவிடாமல் ஒரு சந்துக்குள் நுழைந்து, அதன் பெயரையும் பெயர்க் காரணத்தையும் அங்கு வாழும் முதியவர் ஒருவரிடம் கேட்டறியட்டும்.