முகத்திற்கு உரியவர் யார்?

ராயப்பேட்டை என்றவுடன் மணிக்கூண்டும் அரசு மருத்துவமனையும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தியச் சட்ட வரலாற்றிலும் இப்பகுதிக்கு ஓர் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவரது இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது, இங்குள்ள ஜானி ஜான் கான் சாலையிலிருந்து வெளிவரும் 'நக்கீரன்' இதழின் வழக்கில்தான்.

அவ்வழக்கு விளம்பரத்தைப் பற்றியதன்று. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1991-இல் செங்கற்பட்டுச் சிறையில் இருந்தபோது ஏறத்தாழ 300 பக்க அளவில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அதை நக்கீரனில் வெளியிட விரும்பினார் என்று இதழாசிரியர் கோபால் தரப்பு கூறியது. உயர் அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த நெருக்கம் அதில் வெளிப்படும் என்ற பேச்சு எழுந்தது. 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து மடல் வந்தது: அந்த வரலாறு பொய்யானது, வெளியிடக்கூடாது. இதழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. (கொலைக் குற்றவாளியை 'அவர்' என்று எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். அந்த வழக்கின் உட்பொருளே அதுதான் என்பது என் எண்ணம்.)

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரு திசைகளில் சென்றது. அவதூறு நேரக்கூடும் என்று அஞ்சி, வெளியிடுவதற்கு முன்பே தடை செய்ய அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை. அதே வேளையில், தன் வாழ்வு, குடும்பம், திருமணம், கல்வி ஆகியவற்றை மறைவாகக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு; அது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கியுள்ளது. இசைவின்றி எழுதுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டன்று. நீதிமன்ற ஆவணங்களில் உள்ளதை எவரும் வெளியிடலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயர் மட்டும் அதற்கு விலக்கு. ஆகவே ஆவணங்களைக் கடந்து எழுத வேண்டுமாயின், தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி நின்ற சங்கரிடமும் இசைவு பெற வேண்டும். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இச்சிந்தனைக்கு அமெரிக்காவில் ஒரு முன்வரலாறு உண்டு. கையடக்க ஒளிப்படக் கருவியும் வம்பு பேசும் நாளேடுகளும் பெருகிய 1890-இல், வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமையைக் குறித்துக் கட்டுரை வரைந்தனர். பின்னர் ஒரு மாவு நிறுவனம் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவளைக் கேளாமலே 25,000 சுவரொட்டிகளில் அச்சிட்டது. 1902-இல் நியூயார்க் உயர்நிலை நீதிமன்றம் அவளுக்குப் பரிகாரமில்லை என்றது. மக்களின் சினத்தைக் கண்ட சட்டமன்றம் மறு ஆண்டே சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்திற்குத் தம் முகத்தைத் தருபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு கைப்பேசியில் ஒரு பொருளைப் புகழ்பவர் அதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. 2015-இல் நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரைத் திரைப்படமொன்றில் பயன்படுத்துவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார்.

புகழ் பெற்றவர்க்கு வழக்கறிஞர் உண்டு. வெள்ளக் காலத்தில் அரிசிப் பை வாங்க வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு யார் உண்டு? அவரது படம், கொடுத்தவரின் பெயரோடு, மாலைக்குள் ஊரெங்கும் கைப்பேசிகளில் பரவிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தடையற்றதாகவும் விவரமறிந்து தரப்பட்டதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தாலும், அதன் முதன்மைப் பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஆனால் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்போ, விளம்பரமல்லாத நோக்கத்திற்கும் இசைவு வேண்டும் என்று அன்றே கூறிவிட்டது. நம் பகுதியில் நிவாரணம் வழங்கும் சங்கங்களுள் எத்தனை, படமெடுக்குமுன் அம்மூதாட்டியைக் கேட்கின்றன என்பதை அவற்றின் பொறுப்பாளர்களே கூற வேண்டும்.