இடப்பக்க இருக்கை: லாரி கிளீனர் ஓட்டுநரான வரலாறு

நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர் ஒருவர் எவ்வாறு உருவாகிறார் என்னும் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விடை உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுமுன் இலகுரக வண்டியின் உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருக்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வடக்கே போன பல தலைமுறை ஓட்டுநர்கள் ஏறிவந்த படி இதுவன்று. அவர்கள் கிளீனராக இடப்பக்க இருக்கையில் ஏறியவர்கள். ஆண்டுகள் கழித்து வலப்பக்கத்துக்கு மாறியவர்கள். மூன்றடி அகலத்துக்குள் நடந்த இந்த இடமாற்றத்துக்கு ஆவணம் ஏதும் இல்லை. வரலாற்றாய்வில் அதற்கு இடமின்றிப் போனதற்கும் அதுவே காரணம் எனலாம்.

இதை விளக்க நாமக்கல்லைவிட ஐதராபாத்தின் வடக்கிலுள்ள லோத்குண்டா பொருத்தமான இடம். பெயரே திராவிட மொழிகளின் உறவைச் சொல்லும். தெலுங்கில் 'லோது' ஆழம், 'குண்ட' குட்டை. ஆழத்தையும் நீர்நிலையையும் குறித்த நம் பழந்தமிழ்க் 'குண்டு' அதன் உடன்பிறப்பு. செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் வழியாக ராமகுண்டம் நோக்கிச் செல்லும் ராஜீவ் ரஹதாரி, திருமுல்கேரி இராணுவப் பகுதியைக் கடந்ததும் லோத்குண்டாவுக்குள் நுழைந்து அல்வாலுக்குப் போகிறது. மேற்கே சிறிது தொலைவில் போவன்பல்லி வழியாக ஓடுவது பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த, 2,369 கி.மீ. நீளமுள்ள அச்சாலையில்தான் நாமக்கல்லும் ஐதராபாத்தும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. 2010இல் எண்கள் மாறி, இப்பகுதி 44 ஆயிற்று.

ஆக, 800 கி.மீ.க்கு மேல் ஓடிவந்த தமிழ்நாட்டு லாரிக்கு இப்பகுதி நகரத்தின் வடக்கு வாயில். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால் இத்தகைய வாயில்களில் காத்திருப்பும் தொழிலின் ஒரு பகுதி. காத்திருக்கும் நேரத்தில் பதினாறு, பதினேழு வயதுக் கிளீனர் கேட்பவை மூன்று மொழிகள்: கடைக்காரரின் தெலுங்கு, மெக்கானிக்கின் தக்கனி, தலைமுறைகளாகக் கண்டோன்மெண்டில் வாழ்வோரின் தமிழ். ஊரில் அவன் ஓட்டுநரை 'அண்ணா' என்பான். இங்கே அருகில் நிற்கும் வடநாட்டு லாரியின் பையன் தன் ஓட்டுநரை 'உஸ்தாத்' என்பான். ஒன்று உறவுமுறை, மற்றொன்று குருவைக் குறிக்கும் பாரசீகச் சொல். பொருள் ஒன்றே: வண்டியும் கற்பித்தலும் அவர் கையில்.

சொற்கள் இங்கே இரு வேறு உலகங்களிலிருந்து வந்திருக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் லாரி உதவியாளரைக் 'கலாசி' என்பதுண்டு. அரபு மூலமுடைய அச்சொல் கப்பல் தளத்தில் பாய் கட்டிய, கயிறு இழுத்த தொழிலாளியைக் குறித்தது. துறைமுகம், நில அளவைத்துறை, இரயில்வே எனப் பரவிப் பின்னர் சாலைக்கு வந்தது. தென்னகத்தில் நிலைத்த 'கிளீனர்' இரயிலின் எஞ்சின் கொட்டகையை நினைவூட்டுகிறது. நீராவிக் காலத்தில் பணியில் சேரும் இளைஞர் முதலில் கிளீனர். எஞ்சினைத் துடைப்பது அவர் வேலை. அங்கிருந்து கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், பிறகு ஷண்டர், கடைசியில் டிரைவர். பங்களாக்களில் கார் துடைத்தவர்களும் கிளீனர்களே. ஆனால் துடைப்பவனே ஒருநாள் ஓட்டுநராவான் என்ற பொருள் அச்சொல்லுக்கு ஏறியது கொட்டகையில்தான் என்று கருதுவதே பொருந்தும்.

ஐதராபாத்தில் இவ்விணைப்பு உருவகமன்று, நிர்வாக உண்மை. 1932இல் நிஜாம் அரசின் இரயில்வே நிர்வாகமே சாலைப் போக்குவரத்துப் பிரிவையும் தொடங்கியது. 27 பேருந்துகள், 166 பணியாளர்கள். தண்டவாளத்தையும் தார்ச்சாலையையும் ஒரே அலுவலகம் நடத்திய ஊரில் பதவிப்பெயர்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதில் வியப்பில்லை.

ஆனால் தாவியது பெயர் மட்டுமே. இரயில்வே கிளீனருக்குப் பதிவேடு இருந்தது. அடுத்த படிக்குத் தேர்வும் மருத்துவச் சோதனையும் இருந்தன. லாரி கிளீனருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவரை மறந்துவிடவில்லை என்பதுதான் இதில் கசப்பான செய்தி. யார் தொழிலாளர் என்று வரையறுக்கும் பிரிவில் ஓட்டுநர், நடத்துநர் ஆகியோரோடு கிளீனரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார். நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. நெடுந்தொலைவு வழித்தடங்களில் ஒப்புதலோடு பத்து மணி, 54 மணி வரை போகலாம் என்றிருந்தது. 15 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அன்று விதித்தது. எல்லாம் நன்று. ஆனால் ஐவரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கே சட்டம் தானாகப் பொருந்தியது. குறைவாயின் மாநில அரசு தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. ஒற்றை லாரி உரிமையாளரிடம் இருப்போர் இரண்டு ஓட்டுநர், ஒரு கிளீனர். மூன்று பேர். ஒன்றிரண்டு வண்டிகளோடு தொழில் நடத்துவோர் மிகுந்த ஒரு துறைக்கு ஐந்து என்னும் எண்ணை வாயிற்படியாக வைத்தவர்கள் அத்துறையை நன்கு அறிந்திருந்தார்களா, அறிந்தே வைத்தார்களா என்பது கேட்கத்தக்க கேள்வி.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய காப்பீட்டுப் பிரிவு இன்னும் நுட்பமானது. தொழிலாளர் இழப்பீட்டுக்கு உரியோரை அது வகைப்படுத்தியபோது ஓட்டுநர் வண்டியை ஓட்டும் பணியாளர் ஆனார். சரக்கு வண்டியில் உடன் போகும் மற்றவரோ வண்டியில் கொண்டு செல்லப்படும் பணியாளர். இலக்கண நோக்கில் கிளீனர் செயப்பாட்டு வினைக்குள் வாழ்ந்தவர்.

இடப்பக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது? கழுவுவதும் துடைப்பதும் பாடத்தின் மிகச் சிறிய பகுதி. வண்டி நின்றதும் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்ட வேண்டும். காற்று நிறைந்த டயரின் ஓசையும் குறைந்த டயரின் ஓசையும் வேறு. இரட்டைச் சக்கரங்களில் உட்புற டயர் இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தார்ப்பாயைக் காற்றின் திசையறிந்து மடித்துக் கயிறு போட வேண்டும். தவறினால் நூறு கிலோமீட்டருக்குள் பாய் கிழியும், மழை வந்தால் சரக்கு கெடும், வாடகையில் பிடிப்பு விழும். ஸ்டெப்னியை இறக்கி மாட்டுவது உடல் வலிமையைச் சோதிக்கும் வேலை. (இந்தியத் தெருக்களில் வாழும் இச்சொல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அச்சொல் மறைந்துவிட்டது.) மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத இடப்பக்கத்தைக் கிளீனர் பார்க்க வேண்டும்: சைக்கிள், மாடு, சாலையின் உடைந்த விளிம்பு. லாரிக்குக் கண்கள் இரண்டு என்றால் அவற்றுள் ஒன்று கிளீனருடையது.

இவற்றோடு ஓட்டுதலையும் கண்ணாலும் காதாலும் கற்றார்கள். பழைய கியர்பெட்டிகளில் ஒரு கியரிலிருந்து மற்றதற்கு மாற கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினின் வேகத்தைப் பொருத்த வேண்டும். எந்தக் குரலில் எஞ்சின் முனகும்போது கியர் குறைக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாது. இந்த அறிவின் கடைசித் தேர்வு, ஐதராபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே காத்திருந்தது. தொப்பூர் கணவாயில் சாலை சேலத்தை நோக்கிச் சரிகிறது. வீடு நெருங்கிவிட்ட களிப்பு, இரவெல்லாம் விழித்த களைப்பு, டீசலை மிச்சம் பிடிக்கும் ஆசை. மூன்றும் சேர்ந்து நியூட்ரலில் இறங்கச் சொல்லும். அப்படி இறங்கினால் எஞ்சின் பிடிப்பு போய்விடும்; பாரம் முழுதும் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடேறிப் பிடியிழக்கும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவாயோ ஏறக்குறைய அதே கியரில் இறங்கு என்பது இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து பலமுறை கண்டவருக்கு எலும்பில் படிந்த பாடம். தொப்பூரில் நிகழ்ந்த விபத்துகளின் நீண்ட வரிசை, அப்பாடம் படியாதவர்களும் அங்கே வந்தார்கள் என்பதற்குச் சான்று.

பிறகு ஏதோ ஓர் இரவில், ஆளற்ற நேர்ச்சாலையில், அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அதுதான் பட்டமளிப்பு. அது சட்டமீறலும்கூட: உரிமம் இல்லாதவரை ஓட்ட விடுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். கற்றவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்ததை மறைத்துப் பழகுநராக நிற்பார்.

இம்முறையைக் குருகுலம் என்று போற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பொருந்தாப் புகழ்ச்சி. அடியும் வசவும் தூக்கமின்மையும் பாடத்திட்டத்தில் அடங்கியிருந்தன. பள்ளியில் இருக்க வேண்டிய வயதினர் பலர் அங்கே இருந்தனர். கூலி என்பது பெரும்பாலும் சாப்பாடும் பேட்டாவும். இந்தப் பேட்டா, கும்பினிப் படையில் களத்துக்குப் போகும் வீரர்க்குத் தந்த கூடுதல் படி. 1766இல் கிளைவ் அதைக் குறைத்தபோது வங்காளத்தில் வெள்ளை அதிகாரிகளே கலகம் செய்தார்கள். கலகம் செய்ய வழியில்லாத கிளீனர், ஓட்டுநராகும் நாளைக் கூலியின் நிலுவையாக எண்ணிக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்குப் பொருள் இருந்தது, ஏனெனில் மேலே படி இருந்தது. கிளீனர் ஓட்டுநர் ஆகலாம். ஓட்டுநர் பழைய லாரி ஒன்றை வாங்கி உரிமையாளர் ஆகலாம். 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் ஏறிட்டுப் பாராத அத்தகையோரின் பழைய வண்டிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது.

படியின் கீழ்த்தட்டு உடைந்தது அண்மையில். ஒரே அடியில் அன்று, வேலை வேலையாக. 2017இல் சரக்கு சேவை வரி வந்ததும் மாநில எல்லையின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. காகிதக் கட்டோடு வரிசைக்கு ஓடும் வேலை போயிற்று. 2021இல் பாஸ்டேக் கட்டாயமானதும் சுங்கச் சாவடியில் சில்லறை எண்ணிக் கொடுக்கும் வேலை போயிற்று. பவர் ஸ்டியரிங்கும் டியூப் இல்லாத டயரும் மேலும் சிலவற்றைக் கொண்டுபோயின. தேசிய பெர்மிட் வண்டிக்கு இரு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியும் 2018இல் தளர்ந்தது. டீசலும் சுங்கமும் வாடகையைத் தின்னும்போது உரிமையாளரின் கை முதலில் கிளீனரின் செலவில்தான் விழும். அதில் அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இழப்பை ஈடுசெய்யப் பள்ளிகள் வந்தன. தமிழக அரசோடு சேர்ந்து அசோக் லேலண்ட் 1995இல் நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிலையம் தொடங்கியது. இது நல்ல தொடக்கம். எட்டாம் வகுப்புத் தகுதி என்ற தடை 2019இல் நீக்கப்பட்டது. 2021இன் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையங்களில் கனரக வண்டிப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம், வகுப்பறைப் பாடமும் சேர்த்து. கிளீனர் ஆண்டுக்கணக்கில் கற்றதோடு இதை ஒப்பிடுவது முழு நியாயமன்று. அவர் கற்றதில் பாதி, பிறர் வேலையைச் செய்தது. ஆயினும் பாரம் ஏற்றிய வண்டியோடு தொப்பூரில் இறங்கும் முதல் இரவு 38 மணி நேரத்துக்குள் வராது. அதை அனுபவம் மிக்க ஒருவரின் பக்கத்தில் அமர்ந்தே கடக்க வேண்டும். முன்பு உரிமமற்ற மாணவரின் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். இப்போது மாணவருக்கு உரிமம் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று இன்று உரிமையாளர்கள் முறையிடுவதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

லோத்குண்டாவிலும் இந்த மாற்றம் தெரிகிறது. நகரைச் சுற்றி 158 கி.மீ. வெளிவட்டச் சாலை வந்தபின், தெற்கிலிருந்து கரீம்நகர் போகும் லாரி ஷாமீர்பேட்டை அருகே ஏறினால் போதும். இவ்வழியே வர வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். அந்த அறையிலும் இடப்பக்க இருக்கை இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஓட்டுநரின் துணிப்பையும் தண்ணீர்க் கேனும் பயணம் செய்கின்றன.