சீன நாட்டு முறைச்சுர மருந்தின் வரலாறு

முன்னோர் நூலிற் கூறப்பட்டதனை ஆராயாது மெய்யெனக் கொள்வாரும், பழையதென்னும் ஒன்றே பற்றி ஆராயாது பொய்யெனத் தள்ளுவாரும் என இருதிறத்தார் உலகில் உளர். ஆராயாமை இருவர்க்கும் பொதுவாய குறையாம். சீன நாட்டில் முறைச்சுரத்திற்கு மருந்து கண்ட வரலாறு இதனை நன்கு விளக்கும்.

மலேரியா எனப்படும் முறைச்சுரம் கொசுக்கடியாற் குருதியிற் புகும் நுண்ணிய ஒட்டுண்ணியால் விளைவது. தென்னமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டை இதற்கு நெடுங்காலம் மருந்தாயிற்று. அதனினின்று 1820-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். பின்னர்க் குளோரோகுயின் என்னும் செயற்கை மருந்து வழக்கிற்கு வந்தது. வியத்நாமியப் போர்க்காலத்தில் அதற்கும் அடங்காத கிருமிகள் பெருகவே, வட வியத்நாமின் வேண்டுகோளின்படி, சீன அரசு 1967 மே 23-இல் புதுமருந்து காணும் மறைமுயற்சியைத் தொடங்கிற்று. அந்நாளைக் குறித்து 523 என்பது அதற்குப் பெயராயிற்று.

1969-இல் பெய்ஜிங்கில் ஒரு குழுவிற்குத் தலைமையேற்றவர் தூ யூயூ என்னும் அம்மையார். மேனாட்டு மருந்தியலும் தந்நாட்டு மருத்துவமும் ஒருங்கு கற்றவர். பழநூல்களிலும் மருத்துவரிடத்தும் 2,000-க்கு மேற்பட்ட முறைகளைத் தொகுத்து, ஏறத்தாழ 200 மூலிகைகளின் சாறுகளை அவர் குழுவினர் எலிகளிடத்து ஆய்ந்தனர். மாசிப்பத்திரியின் இனத்ததாகிய சிங்ஹாவ் என்னும் பூண்டு முதற்கண் நற்பயன் காட்டிற்று. மீட்டும் ஆய்ந்தபோது அப்பயன் குன்றிற்று.

ஈண்டே நூலாராய்ச்சி துணைசெய்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டினராகிய கோ ஹோங் என்பார் தம் மருத்துவ நூலில் இப்பூண்டினை முறைச்சுரத்திற்கு விதித்துள்ளார். ஏனை மூலிகைகளைப்போல் இதனைக் காய்ச்சுமாறு கூறாது, நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றினை அருந்துமாறு அவர் கூறினார். காய்ச்சுதல் கூறாமையின் கருத்து யாதென அம்மையார் வினவி, வெப்பம் இதன் ஆற்றலைக் கெடுக்கும் போலும் எனக் கருதினார். ஆகலின், ஏறத்தாழ 35 பாகை சென்டிகிரேடிற் கொதிக்கும் ஈதரைக்கொண்டு சாறெடுத்து, நச்சுடைய அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபர் 4-இல் ஆய்ந்த 191-ஆம் சாறு எலிகளின் குருதியிலிருந்த கிருமிகளை முற்றும் ஒழித்தது. 1972-இல் அம்மையாரும் குழுவினர் சிலரும் தாமே அதனை உண்டு, தீங்கின்மை கண்ட பின்னரே நோயாளர்க்கு அளித்தனர். அவ்வாண்டிலேயே ஆர்ட்டெமிசினின் என்னும் பொருள் தனித்துப் பிரிக்கப்பட்டது.

சிங்ஹாவ் என்னும் பெயர் ஒன்றற்கு மேற்பட்ட பூண்டுகட்கு வழங்கியதாதலின், நூற்பெயர் குறிப்பது எதனையெனத் துணிதலும் வேண்டியதாயிற்று. அப்பொருள் மிக்கிருப்பது ஆர்ட்டெமிசியா அன்னுவா என்னும் இனமே.

ஆர்ட்டெமிசினினில் உயிர்வாயு அணு இரண்டு தம்முட் பிணைந்துள்ளன. கிருமி செவ்வணுவினுள் உள்ள பொருளை உண்ணுங்கால் வெளிப்படும் இரும்பு அப்பிணைப்பை உடைக்கவே, எழும் வேகம் கிருமியையே அழிக்கும். மாண்ட கிருமியை மண்ணீரல் செவ்வணுவினின்று அகற்றி, அவ்வணுவை மீண்டும் குருதியோட்டத்தில் விடும். மருந்தும் உடலின் காவலும் இங்ஙனம் ஒருங்கு தொழிற்படுதல் நோக்கற்பாலது.

கடுஞ்சுரமுற்றார் 1,461 பேரிடை ஆசிய நாடுகள் நான்கில் நிகழ்த்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கொயினா பெற்றாருள் நூற்றுக்கு 22 பேர் இறந்தனர்; இப்பூண்டின் வழிவந்த ஆர்ட்டிசுனேட் பெற்றாருள் இறந்தார் 15 பேரே. 2015-இல் அம்மையார் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். ஆயினும், 2008-ஆம் ஆண்டளவில் மேற்குக் கம்போடியாவில் இம்மருந்திற்குக் கிருமிகள் விரைந்து அடங்காமை அறியப்பட்டது. இதனைத் தனித்து வழங்காது பிறிதொரு மருந்தோடு கூட்டி வழங்குக என உலக சுகாதார நிறுவனம் முன்னரே விதித்திருந்தது.

நூலுரை வழியைக் காட்டிற்று. கருதலளவை அதன் உட்பொருளைப் புலப்படுத்திற்று. காட்சி அதனை நிலைநிறுத்திற்று. கோ ஹோங்கின் ஏடு பல நூற்றாண்டு கற்கப்பட்டும், அதன் ஒரு சொல்லை உற்றுநோக்கிச் சோதித்த பின்னரே இம்மருந்து கிடைத்தது. பழநூல் பயில்வார் இதனைக் கடைப்பிடிப்பாராக.