பனிக்குட முன்னுடைவு

பனிக்குட முன்னுடைவு என்பது பேற்று வலி தொடங்கும் முன்னரே கருவைச் சூழ்ந்துள்ள சவ்வுப்பை உடைந்து பனிக்குட நீர் வெளியேறுதல் ஆகும். 37 வாரங்கள் நிறைந்த கருப்பங்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டில் இது நிகழ்கிறது. இத்தகையோருள் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே தொடங்கிவிடுகிறது.

பை உடைந்தபின் நுண்ணுயிரிகள் கருப்பைக்குள் ஏற வழி ஏற்படுகிறது. நேரம் கூடக்கூடத் தொற்று வாய்ப்பும் கூடும். ஆகவே, இயல்பான வலிக்குக் காத்திருப்பதா, ஆக்சிடோசின் போன்ற மருந்தால் வலியைத் தூண்டுவதா என்னும் கேள்வி எழுகிறது.

இதுகுறித்து மேரி ஹன்னா தலைமையில் கனடா உட்பட 6 நாடுகளில் 5,041 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1996 இல் வெளியானது. காத்திருந்தோருக்கு 4 நாட்கள் வரை அவகாசம் தரப்பட்டது. குழந்தைகளின் தொற்று வீதத்திலும் அறுவைப் பேற்று வீதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தூண்டினால் அறுவையில் முடியும் என்று பரவலாக அஞ்சப்படுவதால் இம்முடிவு கவனிக்கத்தக்கது. தாய்மாரிடத்தே வேறுபாடு இருந்தது: கருப்பையினுள் தொற்று, ஆக்சிடோசினால் உடன் தூண்டப்பட்டோரில் 4 விழுக்காடாகவும் காத்திருந்தோரில் 8.6 விழுக்காடாகவும் பதிவானது.

இங்கிலாந்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடனே தூண்டுதல், 24 மணி நேரம் வரை காத்திருத்தல் ஆகிய இரண்டையும் தாயின் தெரிவுக்கு விடுகிறது. எனினும் காய்ச்சல், நீர் பச்சை நிறமாதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியன காணப்பட்டால் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாயிடம் பி பிரிவு இசுட்ரெப்டோகாக்கசு நுண்ணுயிரி இருப்பது அறியப்பட்டிருப்பின் பொதுவாக உடனடித் தூண்டலே பரிந்துரைக்கப்படுகிறது.