எடியாக்காரா உயிரினத் தொகுதி

எடியாக்காரா உயிரினத் தொகுதி என்பது ஏறத்தாழ 57.5 கோடி ஆண்டுகளுக்கும் 53.9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இடைப்பட்ட காலத்தில் கடலடியில் வாழ்ந்த மென்னுடல் உயிரினங்களைக் குறிக்கும். வெறுங்கண்ணால் காணத்தக்க, சிக்கலான அமைப்புடைய உயிரினங்களின் மிகப் பழைய தொகுதிகளுள் இது ஒன்றாகும். புவியில் உயிர்கள் தோன்றிக் குறைந்தது 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எனினும் இக்காலத்தின் பெரும்பகுதியில் அவை நுண்ணுயிர்களாகவே இருந்தன. பெரிய உடல் கொண்ட உயிரினங்கள் ஏன் இவ்வளவு காலந்தாழ்த்தித் தோன்றின என்பது தொல்லுயிரியலின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும்.

கண்டுபிடிப்பு

சார்லஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட "உயிரினங்களின் தோற்றம்" என்னும் நூலில், விலங்கு எச்சங்கள் பாறைகளில் திடீரெனத் தோன்றுவதைத் தம் கொள்கைக்கு எதிரான வலுவான மறுப்பாகக் குறிப்பிட்டார். அவற்றுக்கு முந்திய காலத்துப் பாறைகளில் எச்சங்கள் ஏன் இல்லை என்பதற்கு அவரிடம் நிறைவான விடை இல்லை.

1946 இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசின் நிலவியலாளரான ரெக் ஸ்ப்ரிக், எடியாக்காரா குன்றுகளில் இருந்த பழைய சுரங்கங்களை ஆராய்ந்தபோது, மணற்பாறைகளில் வட்டவடிவப் பதிவுகளைக் கண்டார். அவற்றைக் கேம்பிரியக் காலத்து இழுதுமீன்கள் என அவர் கருதினார். 1957 இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பகுதியில், கேம்பிரியத்துக்கு முந்தியது என ஐயமின்றி அறியப்பட்ட பாறையில் சார்னியா என்னும் இலைவடிவ உயிரினத்தின் எச்சம் கிடைத்தது. அதன் பின்னரே ஆஸ்திரேலிய எச்சங்களின் தொன்மை உணரப்பட்டது. 1967 இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் உள்ள மிஸ்டேக்கன் பாயிண்ட் என்னுமிடத்தில், இந்திய மாணவரான சிவ பாலக் மிஸ்ரா இத்தகைய எச்சங்களைக் கண்டுபிடித்தார். அவ்விடம் 2016 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய எடியாக்காரன் காலம், 2004 இல் நிலவியல் கால அளவையில் முறைப்படி சேர்க்கப்பட்டது.

பழங்காலப் புவிச்சூழல்

தொடக்கத்தில் புவியின் வளிமண்டலத்தில் தனி ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. அதன் பின்னரும் ஆழ்கடல் நெடுங்காலம் ஆக்சிஜன் குறைந்ததாகவே இருந்தது.

பின்னர் இரண்டு பெரும் பனியூழிகள் ஏற்பட்டன. ஸ்டர்ட்டியன் பனியூழி 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 66 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை நீடித்தது. மாரினோவன் பனியூழி 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்த நிலப்பகுதிகளிலும் பனியாற்றுப் படிவுகள் காணப்படுவதால், புவி முழுவதுமே பெரும்பாலும் உறைந்திருந்தது எனக் கருதப்படுகிறது. இது பனிப்பந்துப் புவி எனப்படும். பனியாறுகள் அரைத்த பாறைத்துகள்களிலிருந்து பாஸ்பரஸ் போன்ற ஊட்டங்கள் கடலில் கலந்திருக்கலாம். 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்விரு பனியூழிகளுக்கும் இடையே கடலில் பாசிகள் பெருகியதைப் பாறைகளில் தங்கிய கொழுப்பு மூலக்கூறுகளைக் கொண்டு காட்டியது. பாசிகள் பாக்டீரியாக்களைவிடப் பெரியவை. ஆகவே அவற்றின் பெருக்கம் பெரிய உயிரினங்களுக்கு வேண்டிய உணவுச்சங்கிலிக்கு அடிப்படையாயிற்று என்பது அவ்வாய்வாளர்களின் கருத்தாகும்.

உடலமைப்பும் எச்சங்களும்

டிக்கின்சோனியா தட்டையான முட்டை வடிவம் கொண்டது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. சார்னியா கடலடியில் ஊன்றி நின்றது. அது கதிரொளி எட்டாத ஆழத்திலும் வாழ்ந்ததால் தாவரமாக இருந்திருக்க இயலாது. தட்டையான உடலுக்குப் பருமனை நோக்கப் பரப்பு மிகுதி. எனவே, செவுளோ குருதி ஓட்டமோ இன்றியே நீரிலிருந்து ஆக்சிஜனைப் பெற இவ்வமைப்பு உதவியிருக்கலாம். டிக்கின்சோனியாவின் எச்சங்களில் கொலஸ்டிரால் வகை மூலக்கூறுகள் இருப்பது 2018 இல் கண்டறியப்பட்டது. அது விலங்கே என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

எலும்போ ஓடோ இல்லாத இவ்வுடல்கள் எச்சங்களாக எஞ்சியதற்கும் சூழலே காரணம். அக்காலக் கடலடியை நுண்ணுயிர்ப் படலங்கள் மூடியிருந்தன. மணலோ எரிமலைச் சாம்பலோ உயிரினங்களை மூடியபோது இப்படலங்கள் அவற்றின் வடிவம் சிதையாமல் காத்தன.

ஆக்சிஜன் பற்றிய கருத்து வேறுபாடு

ஏறத்தாழ 58 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த காஸ்கியர்ஸ் பனியூழிக்குப் பின், நியூஃபவுண்ட்லாந்தின் ஆழ்கடலில் ஆக்சிஜன் உயர்ந்ததை 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதனால் ஆக்சிஜனே பெரிய உயிரினங்களுக்கு வழிவகுத்தது எனப் பலர் கருதினர். ஆனால் இக்காலக் கடற்பஞ்சு ஒன்று, இன்றைய அளவில் 0.5 முதல் 4 விழுக்காடு ஆக்சிஜனிலேயே உயிர்வாழ வல்லது என 2014 இல் அறியப்பட்டது. ஆகவே, எளிய விலங்குகள் தோன்ற மிகுந்த ஆக்சிஜன் தேவைப்பட்டிராது. உடல் பெருக்கவும், விரைந்து நகரவும், பிற உயிர்களை வேட்டையாடவும் அது தேவைப்பட்டிருக்கும்.

மறைவு

இத்தொகுதியின் பெரும்பாலான இனங்கள் கேம்பிரியக் காலத்தின் தொடக்கத்திற்குள் மறைந்தன. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த முதல் இழப்புக்குக் கடலில் ஆக்சிஜன் குறைந்தது காரணமாக இருக்கலாம் என 2022 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கடலடியைத் துளைத்து வாழும் விலங்குகள் பெருகி நுண்ணுயிர்ப் படலங்களைச் சிதைத்ததும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இவ்வகையில், சூழலால் உருவான விலங்குகள் பின்னர்த் தாமே சூழலை மாற்றும் ஆற்றல் பெற்றன.